எல்லை தாண்டிய நோக்கியா

தமிழ்நாட்டின் வடகோடியில் இருக்கிறது ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயிலில் கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டினால் ஆரம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திர மண்.

ஊருக்குத் தெற்கே எளாவூரில் ஒரு பெரிய சோதனைச்சாவடி இருக்கிறது. லாரியை நிறுத்துவார்கள். சீட்டைக் கேட்பார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு மூட்டை ரேஷன் அரிசி அக்கரை போகிறதென்று தெரிந்தால் போதும். பறிமுதல், வழக்கு, மறுநாள் பத்திரிகையில் படத்துடன் செய்தி!

நல்லது, அரிசி கடத்துகிறவனைப் பிடிக்கட்டும். நாம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட ஒரு தொழில் நின்று, அதே பெயர்ப் பலகையுடன் இந்த எல்லைக்கு வடக்கே முளைத்ததே! அதை எந்தச் சாவடி நிறுத்தியது? யார் சீட்டுக் கேட்டார்கள்? ‘அங்கே வாங்கிய சலுகைக்குக் கணக்கு என்ன, விட்டு வந்த தொழிலாளியின் கதி என்ன’ என்று எந்த அதிகாரி விசாரித்தார்?

நோக்கியா செல்போனைத்தான் சொல்கிறோம்.

நோக்கியா ஆலை மூடப்பட்டதற்குக் கனதனவான்களின் பத்திரிகைகள் சொல்லும் காரணம் ஊரறிந்தது. போன் மாறிவிட்டது, பட்டன் போய்க் கண்ணாடி வந்துவிட்டது, நோக்கியா காலத்தோடு ஓடவில்லை, ஓடாதவன் விழுவான், இது விஞ்ஞான நியதி, இதில் தொழிலாளி யாரை நொந்து என்ன பயன்? இதுதான் அவர்கள் பாடும் பாட்டு.

கேட்பதற்கு நியாயம்போல இருக்கிறது. ஆனால் பித்தளைக்கும் மஞ்சள் நிறம் உண்டு. உரைத்துப் பார்ப்போம்.

பத்துக் கிலோவிலிருந்து உள்ளங்கைக்கு

நோக்கியா பிறக்கும்போதே போன் செய்யவில்லை. 1865-ல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகப் பிறந்த கம்பெனி அது. பிறகு காகிதம், ரப்பர் பூட்ஸ், கேபிள் கம்பி. மூன்று கம்பெனிகள் 1967-ல் ஒன்றாகிப் பெரிய நோக்கியா ஆயின.

1982-ல் அது காரில் வைக்கும் தொலைபேசி ஒன்றை விற்றது. பெயர் மொபிரா செனட்டர். எடை ஏறக்குறைய பத்துக் கிலோ! 1984-ல் வந்த டாக்மேன் சுமார் ஐந்து கிலோ. கைப்பிடி வைத்த பெட்டி. 1987-ல் சிட்டிமேன் வந்தது. சுமார் 800 கிராம், செங்கல் மாதிரி. ஆனாலும் ஒரு கையில் பிடித்துப் பேசலாம். பணக்காரர்களின் பொம்மை அது.

1992-ல் நோக்கியா 1011. எடை 475 கிராம். புதிய டிஜிட்டல் முறையில் வேலை செய்தது. 2000-ல் 3310, 133 கிராம். கீழே போட்டாலும் உடையாது என்று பேரெடுத்தது இதுதான். 2003-ல் 1100; வெறும் 86 கிராம். தூசி புகாத பட்டன், வியர்வைக் கையில் வழுக்காத முதுகு, தலையில் ஒரு டார்ச் விளக்கு. இந்திய நாட்டின் புழுதியையும் மின்வெட்டையும் மனதில் வைத்துச் செய்த போன். உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. நம் கிராமங்களில் அதற்கு நம்பர் கிடையாது, ‘டார்ச் போன்’ என்றால் தெரியும்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதிபாசு பேசினார். டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அன்று பேசுகிறவனுக்கும் காசு, கேட்கிறவனுக்கும் காசு. பத்தே வருஷத்தில் கூலிக்காரன் சட்டைப் பையிலும் போன் வந்துவிட்டது.

இதை நாம் குறை சொல்லவில்லை, வரவேற்கிறோம். பழவேற்காட்டு மீனவன் கரை சேருமுன் மீன் விலை கேட்க முடிகிறதா? நல்லது. கும்மிடிப்பூண்டி உருக்காலையில் இரவு ஷிப்டில் நிற்கும் ஒரிஸ்ஸாத் தொழிலாளி தன் தாயின் குரலைக் கேட்க முடிகிறதா? மிகவும் நல்லது. பத்துக் கிலோப் பாரத்தை 86 கிராமாக்கிய மனித மூளைக்கும் மனித உழைப்புக்கும் நாம் தலை வணங்குகிறோம். நமக்கு விஞ்ஞானத்தோடு சண்டையில்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக் கழுத்தறுக்கும் லாப வேட்டையோடுதான் சண்டை.

ஸ்ரீபெரும்புதூரில் கொடுத்ததும் எடுத்ததும்

2005 ஏப்ரலில் தமிழக சர்க்கார் நோக்கியாவுடன் ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் இருநூறு ஏக்கருக்கு மேல் நிலம். சந்தை விலைக்கா? இல்லை, சலுகை விலைக்கு. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயரிட்டு வரிச் சலுகை. கட்டுகிற விற்பனை வரியைத் திருப்பித் தருவதாகவும் வாக்குறுதி. தண்ணீர், மின்சாரம், சாலை எல்லாம் வாசல் வரை. மாப்பிள்ளை அழைப்பு கெட்டது போங்கள்!

2006 ஜனவரியில் ஆலை ஓடத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் ஜில்லாக்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். குடிசை வீட்டிலிருந்தும் விவசாயக் கூலி வீட்டிலிருந்தும் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய தலைமுறை அது. தம்பியின் படிப்பு, அக்காவின் கல்யாணக் கடன், கூரை மாற்றி ஓடு போடுவது, எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான்.

வேலை எப்படி? கடுகளவு, எள்ளளவு உறுப்புகளைத் தகட்டில் பொருத்துவது இயந்திரம். அதற்குப் பின் திரை, பட்டன், மூடி பொருத்துவதும், சோதிப்பதும், பெட்டியில் அடைப்பதும் மனிதக் கை. இயந்திரம் எவ்வளவு வேகமாகக் கக்குகிறதோ அவ்வளவு வேகத்துக்கு விரல்கள் ஓட வேண்டும். ஷிப்ட் முழுவதும் நின்றபடி. மணிக்கு இத்தனை என்று கணக்கு. அந்த விரல்கள் 2011-க்குள் 50 கோடி போன்களைச் செய்து முடித்தன. உலகத்தின் மிகப் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்று என்று சர்க்காரும் கம்பெனியும் சேர்ந்து மார்தட்டின.

அந்த 50 கோடியில் தொழிலாளியின் பங்கு என்ன? அவர்களிலே பலர் நிரந்தரமில்லை. பயிற்சியாளர் என்றும் கான்ட்ராக்ட் என்றும் பெயர். 2009-லும் 2010-லும் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சஸ்பெண்ட் உத்தரவு பரிசாகக் கிடைத்தது. 2010-ல் ஓர் இளம் பெண் தொழிலாளி ஆலைக்குள் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். போனைக் கீழே போட்டால் உடையாதபடி செய்யத் தெரிந்தவர்கள், இயந்திரத்தின் பிடியில் மனிதக் கழுத்து சிக்காதபடி காக்கவில்லை!

பிழை செய்தவர் யார்? தண்டனை பெற்றவர் யார்?

இனி, ‘காலத்தோடு ஓடவில்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ஓடவில்லை, உண்மைதான். ஆனால் யார் ஓடவில்லை?

2007-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் வந்தது. 2008-ல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. விரலால் கண்ணாடியைத் தொட்டால் வேலை செய்யும் போன். நோக்கியாவின் தலைவர்கள் தங்கள் பழைய சிம்பியன் முறையையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவில் ஜனங்கள் இரண்டு சிம் போடும் போன் கேட்டார்கள். சின்னச் சின்னக் கம்பெனிகள் அதை விற்றுக் கல்லா கட்டின. நோக்கியா அந்தக் கடையைத் திறந்தது 2011-ல்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஈலாப், மைக்ரோசாப்டின் விண்டோஸ் முறைக்குக் கம்பெனியை முடிச்சுப் போட்டார். ஆண்ட்ராய்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார். 2012-ல் சாம்சங் நோக்கியாவை முந்தியது. பதினான்கு வருஷத்து முதலிடம் போயிற்று.

இவற்றில் எந்த முடிவை ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளி எடுத்தாள்? சிம்பியன் போதும் என்று அவளா சொன்னாள்? விண்டோஸ் வேண்டும் என்று அவளா கையெழுத்துப் போட்டாள்? அவளிடம் கொடுத்த உறுப்பை, கொடுத்த நேரத்துக்குள், கொடுத்த இடத்தில் பிசகில்லாமல் பொருத்தினாள். அவள் கடமையில் ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. விலை 544 கோடி யூரோ. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தது. ஈலாப் மைக்ரோசாப்டுக்கே திரும்பிப் போனார். போகும்போது கிடைத்தது 2 கோடியே 42 லட்சம் யூரோ! நம் கணக்கில் நூற்றைம்பது கோடி ரூபாய்க்கு மேல். கப்பலைப் பாறையில் மோதிய மாலுமிக்குப் பொன்முடிப்பு. துடுப்புப் போட்டவர்களுக்குக் கடல். இதற்குப் பெயர் விஞ்ஞான நியதியா?

‘விருப்ப’ ஓய்வு என்ற வேஷம்

விற்பனையில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை சேரவில்லை. காரணம், வரித் தகராறு. மென்பொருளுக்காகத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமானவரி இலாகா 2013-ல் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. 2014-ல் தமிழக சர்க்கார் தன் பங்குக்குச் சுமார் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. ஆலையில்லாமல் தொழில் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை, மைக்ரோசாப்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுக்கும் அநாதையாயிற்று.

வரி கேட்டது தப்பென்று நாம் சொல்லவில்லை. கொடுக்கவேண்டிய வரியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வரி கேட்டது சர்க்கார். தகராறு செய்தது கம்பெனி. வழக்காடியவர்கள் வக்கீல்கள். வேலை போனது யாருக்கு? ஒரு காசு வரியைக்கூட ஏய்க்காத தொழிலாளிக்கு! யானைகள் சண்டையில் மிதிபட்டது புல்.

2014-ல் தொழிலாளர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மந்திரிகளின் கதவைத் தட்டினார்கள். கம்பெனி ‘விருப்ப ஓய்வு’ என்றது. அன்று ஆலையில் இருந்த சுமார் 6,600 பேரில் 5,000 பேரளவில் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டு வெளியேறினார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! எந்தப் பெண் இருபத்தைந்து வயதில் ஓய்வை விரும்புகிறாள்? நாளைக்கு ஆலை இருக்காது, இன்று கையெழுத்துப் போட்டால் இவ்வளவு கிடைக்கும் என்றால், அது விருப்பமா, விலங்கா?

ஏன் இந்த வேஷம்? அன்றைய தொழில் தகராறுச் சட்டப்படி, நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட வேண்டுமானால் சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்தது. தொழிலாளி ‘தானாகவே’ போய்விட்டால் அனுமதி எதற்கு? முதலில் ஆட்களை விருப்பத்தின் பேரால் வடித்துவிடு; மிச்சமிருக்கும் கைப்பிடிப் பேருக்காக யார் கேட்கப் போகிறார்கள்? கடைசியில்கூட ‘மூடுகிறோம்’ என்று சொல்லவில்லை. மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்திக்கொண்டது, ஆகவே 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தியை ‘நிறுத்திவைக்கிறோம்’ என்றார்கள்.

நோக்கியா விழுந்ததும் அதை நம்பி அதே வளாகத்தில் இருந்த பாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது. அங்கே சுமார் 1,700 பேர்.

லாபம் வந்தாலும் மூடு, நஷ்டம் வந்தாலும் மூடு!

‘நஷ்டம் வந்தால் மூடாமல் என்ன செய்வான்’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஜெர்மனியைக் காட்டுகிறோம்.

அங்கே போஹும் நகரில் நோக்கியாவுக்கு ஓர் ஆலை இருந்தது. 2,300 தொழிலாளர்கள். 2008 ஜனவரியில் அதை மூடப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. நஷ்டமா? இல்லை. அதற்கு முந்திய 2007-ல் நோக்கியா அடித்த லாபம் 700 கோடி யூரோவுக்கு மேல்! உலகத்தில் விற்கும் பத்துப் போனில் நான்கு அதனுடையது. ஐபோன் அப்போதுதான் தொட்டிலில் கிடந்தது. ஆண்ட்ராய்டு பிறக்கவே இல்லை. காலத்தோடு ஓடாத பேச்சே அங்கில்லை. காலத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த கம்பெனி அது. பின் ஏன் மூடினான்? ருமேனியாவில் கூலி மலிவு.

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் 2008-ல் புதிய ஆலை எழுந்தது. அங்கேயாவது வாழ்ந்ததா? 2011-ல் மூடுவிழா! அங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தெருவில். ஆசியாவில் செய்தால் இன்னும் மலிவு. 2012-ல் சொந்த நாடான பின்லாந்தின் சாலோ ஆலையிலும் உற்பத்தி நின்றது. பெற்ற தாய்க்கே சோறில்லை. 2014-ல் ஸ்ரீபெரும்புதூர்.

லாபத்தின் உச்சியில் போஹும். நஷ்டத்தின் அடியில் ஸ்ரீபெரும்புதூர். போன் ஜெயித்தபோதும் ஆலை மூடப்பட்டது, தோற்றபோதும் மூடப்பட்டது. அப்படியானால் மூடியது போனின் மாற்றமா? இல்லை! எங்கே கூலி மலிவோ, எங்கே சலுகை அதிகமோ, எங்கே சங்கம் இன்னும் பிறக்கவில்லையோ அங்கே ஓடும் மூலதனத்தின் சுபாவம் அது. ‘விஞ்ஞான நியதி’ என்ற பித்தளை உரைகல்லில் பல்லிளித்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போஹும் ஆலையை மூடியபோது அந்த ராஜ்ய சர்க்கார் சும்மா இருக்கவில்லை. ‘கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கொடு’ என்று கேட்டது. கேட்டதெல்லாம் வரவில்லை, ஆனாலும் 2 கோடி யூரோவைக் கம்பெனி இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிற்று. அது ஒன்றும் சோஷலிஸ சர்க்கார் அல்ல, முதலாளித்துவ சர்க்கார்தான். அவர்களுக்கே அவ்வளவு ரோஷம் இருந்தது. நம் ஊரில், சலுகை விலைக்குக் கொடுத்த நிலத்தின் மேல் நின்ற கட்டிடத்தை 2019-ல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. கட்டிடம் பிழைத்துக்கொண்டது. அதற்குள்ளே எட்டு வருஷம் நின்று கால் வீங்கியவர்கள்?

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே

இப்போது எல்லைக்குத் திரும்புவோம்.

தடாவுக்கு மேற்கே, சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்தில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. 2008-ல் எழுந்தது. சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 வரை சென்னை ராஜ்யத்தோடு இருந்த மண்தான். எல்லைக் கோட்டை நகர்த்தி ஆந்திரத்தோடு சேர்த்தார்கள். இன்றும் இரு பக்கத்து ஜனங்களும் இரண்டு பாஷையும் பேசுவார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் 2014 டிசம்பரில் ஆலையை நிறுத்திய அதே பாக்ஸ்கான், 2015-ல் ஸ்ரீசிட்டியில் செல்போன் ஆலையைத் திறந்தது! ஆகஸ்டில் அங்கே தயாரான ஷாவ்மி போனை விசாகப்பட்டினத்தில் மேடை போட்டு வெளியிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன் வீதிக்கு வந்த ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளி அந்த விழாவைத் தன் பழைய போனில் பார்த்திருப்பான்.

கதை அதோடு முடியவில்லை. 2016-ல் மைக்ரோசாப்ட் சாதாரண போன் தொழிலை 35 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் யார்? பாக்ஸ்கான் குடும்பத்து எப்.ஐ.எச். கம்பெனி! மற்றொன்று பின்லாந்தின் எச்.எம்.டி.; நோக்கியா என்ற பெயரை போனுக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. 2017-ல் நோக்கியா 3, 5, 6 என்ற ஆண்ட்ராய்டு போன்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. எங்கே தயாராயின? ஸ்ரீசிட்டியில்!

செத்துப்போனதாகச் சொன்னார்களே அந்த நோக்கியா, சாகவே இல்லை. மூன்று வருஷத்தில் சட்டை மாற்றிக்கொண்டு எல்லைக்கு அப்பால் எழுந்து நின்றது. டார்ச் வைத்த பட்டன் போன்கூடப் பிழைத்துக்கொண்டது. ‘கம்பெனி வேறு, பதிவு வேறு, பெயர்தான் ஒன்று’ என்று வக்கீல்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பெயருக்கு உயிர் கொடுத்தது யார்? 50 கோடி போன்களைப் பிசகில்லாமல் செய்து, ‘நோக்கியாவா, உழைக்கும்’ என்று கிராமத்தான் வாயால் சொல்ல வைத்தது யார்? அந்தப் பெயருக்கு விலை வைத்து விற்றார்கள். விலையில் தொழிலாளிக்குப் பங்கில்லை. அந்தப் பெயரோடு ஆலை மறுபடி எழுந்தது. பழைய தொழிலாளியை அழைக்க வேண்டிய கடமையும் யாருக்குமில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள், கடமையை மட்டும் எல்லைக்குத் தெற்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று விடிகாலையில் இந்த நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். கழுத்தில் கார்டு, தோளில் சோற்றுப் பை, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். சில பஸ் தெற்கே, சில பஸ் வடக்கே. இவர்களிடம் கேட்டால் நோக்கியா ஆலையின் கதை பலருக்குத் தெரியாது. அவர்கள் பள்ளியில் படித்தபோது நடந்தது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். கண்ணாடிப் போனும் ஒரு நாள் பழசாகும். மடக்கும் போன் வந்துவிட்டது, காதில் மாட்டும் கருவி வந்துவிட்டது, கண்ணில் மாட்டுவதும் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாறுதலின்போதும் ஒரு போஹும், ஒரு க்ளூஜ், ஒரு ஸ்ரீபெரும்புதூர் பலியாக வேண்டும் என்றால், அடுத்த ஊர் எது?

சர்க்கார் யார் பக்கம்?

மத்திய சர்க்கார் 2020-ல் செல்போன், மின்னணு உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. ஒதுக்கீடு 40,951 கோடி ரூபாய்! கூடுதலாக விற்கும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு ரூபாய் வரை கம்பெனிக்கு. ஜனங்களின் வரிப்பணம். சரி, கொடுங்கள். தொழில் வளரட்டும். ஆனால் பத்து வருஷத்துக்கு ஆலையை மூடாதே என்று ஒரு நிபந்தனை உண்டா? மூடினால் வட்டியோடு திருப்பிக் கொடு என்று ஒரு வரி உண்டா? விற்பனைக்கும் முதலீட்டுக்கும் இலக்கு வைத்தார்கள். தொழிலாளியின் வேலைக்கு என்ன காவல் வைத்தார்கள்?

காவல் வைக்காததோடு, இருந்த வேலியையும் பிடுங்கிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஆலையை மூட அனுமதி கேட்க வேண்டிய எல்லை நூறு பேர் என்பது முந்நூறு பேர் என்றாயிற்று. ‘குறிப்பிட்ட கால வேலை’ என்று ஒன்றும் சட்டபூர்வமாகிவிட்டது. காலம் முடிந்தால் வீட்டுக்குப் போ. ஆட்குறைப்பு என்ற பேச்சே எழாது. ‘பெரிய ஆலைக்கு இன்னும் அனுமதி வேண்டுமே’ என்பார்கள். நோக்கியாவும் பெரிய ஆலைதான் ஐயா! வேலி இருந்தபோதே ‘விருப்ப ஓய்வு’ என்ற சந்தில் புகுந்து போனவன், வேலியைப் பிடுங்கிய பின் ராஜபாட்டையில் போகமாட்டானா?

ஆனால் நாம் ஒப்பாரி வைக்கவில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் விடுதியில் கெட்ட உணவு உண்டு 250-க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். வாயில்லாப் பூச்சிகள் என்று எண்ணப்பட்ட அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். கடல் கடந்து ஆப்பிள் கம்பெனி பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழக சட்டசபை நிறைவேற்றியது, தொழிற்சங்கங்கள் எழுந்தன, மூன்றாம் நாளே நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் பெற்றார்கள். 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுவருஷம் ஜனவரியில் சங்கப் பதிவைப் பெற்றார்கள். கேட்டவனுக்குக் கிடைத்தது. கேளாதவனுக்கு விருப்ப ஓய்வு கிடைத்தது.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. நிலம், வரி, மின்சாரம், ஊக்கத்தொகை எதில் சலுகை வாங்கினாலும், குறைந்தது எத்தனை வருஷம் ஆலை நடக்கும், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மீறினால் சலுகை முழுவதும் வட்டியோடு திரும்ப வேண்டும். அதில் முதல் பங்கு வேலையிழந்தவர்களுக்கு.

2. கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தங்களை ரகசியமாக வைக்காதே! ஜனங்களின் பணத்துக்குக் கையெழுத்திட்ட காகிதத்தை ஜனங்கள் பார்க்க வேண்டும்.

3. பெயரையோ தொழிலையோ விற்றால், தொழிலாளியின் வேலையும் சர்வீஸும் கூடவே போக வேண்டும். ஆலையை மட்டும் அநாதையாக விட்டுப் போகும் விற்பனைக்கு அனுமதி கூடாது.

4. நூற்றுக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் ‘விருப்ப ஓய்வு’ என்று அனுப்பினால் அதை ஆட்குறைப்பாகவே கருத வேண்டும். தொழிலாளர் இலாகாவின் விசாரணையும் அனுமதியும் அவசியம்.

5. தமிழக, ஆந்திர சர்க்கார்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சலுகையை ஏலம் விடுவதை நிறுத்த வேண்டும். எல்லைக்கு இரு பக்கமும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம், ஒரே எட்டு மணி நேரம்.

ஐந்தாவது கோரிக்கையைச் சர்க்கார்கள் தாமாகச் செய்யமாட்டார்கள். தடாவின் தெலுங்குத் தொழிலாளியும் ஆரம்பாக்கத்தின் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பஸ்ஸில், ஒரே லைனில், ஒரே கேண்டீனில் உட்காருகிறார்கள். ‘நீ அதிகம் கேட்டால் அந்தப் பக்கம் போய்விடுவேன்’ என்று இருவரையும் ஒரே வாயால் மிரட்டுகிறான் முதலாளி. எந்தப் பக்கம் போனாலும் அங்கேயும் அதே கோரிக்கையோடு ஒரு சங்கம் நின்றால், அவன் ஓடுவதற்கு இடமேது?

மூலதனத்துக்கு எளாவூரில் சாவடி இல்லை. சாவடி போட வேண்டியவர்கள் விடிகாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள்!